கணக்கு மூளை என்று ஒன்று உண்டா?

(கல்விக் கழக வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



பல ஆண்டுகளுக்கு முன், கணக்குத் தாளை வெறுமையாகத் தந்த நம் சிறுவன் ஒருவனிடம் காரணம் கேட்டேன். "நமக்கெல்லாம் கணக்கு மூளை கிடையாதுங்க ஐயா" என்றான். தேர்ச்சிக்கு வேண்டியதை மட்டும் படிக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் சொல்லை நானும் ஏற்றுக்கொண்டேன் என்பதல்லவா அதன் பொருள்? அப்பிழைக்கு ஈடாகவே இன்று பேசுகிறேன்.

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். அதன் அடியிலுள்ள மூளைத்தண்டு மூச்சையும் இதயத் துடிப்பையும் ஆள்கிறது. பின்புறமுள்ள சிறுமூளை உடலின் சமநிலையைக் காக்கிறது. இவற்றின் மேலே கவிந்திருப்பது பெருமூளை. அதன் இரு பாதிகளிலும் நான்கு மடல்கள் உண்டு. நெற்றி மடல் திட்டமிடும், உடலசைவுக்கு ஆணையிடும். உச்சியை ஒட்டிய சுவர் மடல் தொடுவுணர்வையும் இடத்தையும் அறியும். காதோரப் பொட்டு மடல் ஒலியை உணரும். நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் அதனுள்ளேதான் இருக்கிறது. பிடரி மடல் காட்சியை அறியும்.

இவற்றில் கணக்கு மூளை எங்கே? 47உடன் 38ஐக் கூட்டிப் பாருங்கள். எண்களைப் பார்ப்பது பிடரி மடல். அவற்றின் அளவை உணர்வதில் முதன்மையானது சுவர் மடல். பதினைந்தில் ஐந்தை எழுதி, ஒன்றை மனத்தில் நிறுத்துவதில் நெற்றி மடலுக்குப் பெரும்பங்கு உண்டு. கணக்கு என்பது பல பகுதிகளின் கூட்டு உழைப்பு. அப்பகுதிகள் எல்லாச் சாதியார் தலையிலும் உள்ளன.

தலையை வெளியிலிருந்து அளந்து மனிதரைத் தரம்பிரிக்க முயன்றோரும் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1885 முதல் 1908 வரை பொறுப்பு வகித்த எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாக மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். இத்தகைய அளவுகளையே கையிலெடுத்த அண்ணல் அம்பேத்கர், பிராமணரும் தீண்டப்படாதோரும் ஒரே இனத்தவர் என்று 1948இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அவர்களுடைய அளவுகோலே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று!

மூளை பயிற்சியால் மாறுவதும் ஆகும். லண்டன் நகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து தேறிய வாடகைக் கார் ஓட்டுநர்களை ஆராய்ந்தனர். பயிற்சிக்கு முன் அவர்கள் மூளை மற்றவர்களுடையதைப் போன்றே இருந்தது. தேறிய பின் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெருத்திருந்தது. இது 2011இல் வெளியான ஆய்வு.

லண்டன் வரை போவானேன்? நம் கே.கே. நகரிலேயே மறுவாழ்வு மருத்துவத்திற்கான அரசு நிலையம் இருக்கிறது. செயற்கைக் கால் பொருத்துவதோடு இத்துறையின் பணி முடிவதில்லை. மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கை விழுந்தவருக்கு நாள்தோறும் பயிற்சி தருகிறார்கள். மடிந்த பகுதி மீளாது. எனினும், அதன் வேலையில் ஒரு பங்கை எஞ்சிய பகுதிகள் கற்றுக்கொள்கின்றன. நோயுற்ற மூளையே கற்குமாயின், பதினான்கு வயதுப் பிள்ளையின் மூளை கற்காதா?

பெற்றோர்களே! உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கேயான மூளை, நாம் உட்கொள்ளும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. அதற்குக் காலையுணவும் நல்லுறக்கமும் வேண்டும். பிள்ளையைப் பட்டினியாகப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.

படித்து முன்னேறிய இளைஞர்களே! மாலையில் ஒரு மணி நேரம் நம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தாருங்கள். "எனக்கு வராது" என்று ஒரு பிள்ளை சொன்னால், நான் செய்ததைச் செய்யாதீர்கள். "இன்னும் பழகவில்லை" என்று திருத்திவிட்டு, அருகில் அமர்ந்து அடுத்த கணக்கைப் போடச் சொல்லுங்கள்.