கடுக்காய் கிருமியைக் கொல்லுமா?
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



"கடுக்காய்ப் பொடியைப் புண்ணில் வைக்கலாமா?" என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நெல்லி, தான்றியோடு திரிபலாவில் சேரும் இந்தக் காயை நம் பெரியவர்கள் நெடுங்காலமாக நம்பியிருக்கிறார்கள். பரிசோதனைச் சாலையில் அதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று சொல்லுகிறேன்.

கொட்டையை நீக்கி, தோலைக் காயவைத்துப் பொடித்து, தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். வட்டத் தட்டில் அகர் என்னும் கடற்பாசிக் கூழை ஊற்றி உறையவைத்து, புண்ணில் சீழ் உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியை அதன்மேல் பரப்புகிறார்கள். பிறகு கூழில் சிறு குழி வெட்டி, கடுக்காய்ச் சாற்றை விட்டு, ஏறக்குறைய நம் உடல் சூட்டில் ஒருநாள் வைக்கிறார்கள். மருந்து வேலை செய்திருந்தால் குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தெரியும்.

அதே தட்டில் இன்னொரு குழியில் வெறும் ஆல்கஹாலை விடுவார்கள். ஏனென்றால் ஆல்கஹாலே கிருமியைக் கொல்லக்கூடியது. அதன் வேலையைக் கடுக்காயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. மூன்றாவது குழியில் தெரிந்த மருந்து ஒன்றை விட்டு ஒப்பிடுவார்கள்.

கடுக்காய் இச்சோதனையில் தேறியிருக்கிறது. மெதிசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியையும் எதிர்க்கும் காலிக் அமிலத்தை அதிலிருந்து பிரித்தெடுத்ததாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-ல் எழுதினார்கள்.

அப்படியானால் பொடியைப் புண்ணில் வைக்கலாமா? வேண்டாம் என்றே சொல்லுகிறேன். தட்டில் கிருமி மட்டுமே இருக்கிறது. புண்ணிலோ இரத்தமும் சீழும் உயிருள்ள சதையும் இருக்கின்றன. கடுக்காயின் துவர்ப்புச் சத்து புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே தட்டில் செய்த வேலையைப் புண்ணிலும் செய்யும் என்று சொல்ல முடியாது. மேலும், வீட்டில் இடித்த பொடியிலேயே வேறு கிருமிகள் இருக்கலாம்.

பெனிசிலினையே பாருங்கள். பிளெமிங் அதைத் தட்டில் கண்டது 1928-ல். ஆக்ஸ்ஃபோர்டில் கடும் தொற்றோடு கிடந்த ஒரு காவலருக்கு அதை ஊசியாகப் போட்டது 1941-ல்தான். அவர் தேறிவந்தார்; ஆனால் கைவசமிருந்த மருந்து தீர்ந்துபோக, இறந்துபோனார். தட்டிலிருந்து கட்டிலுக்கு வர அத்தனை வருஷமும் பாடும் தேவைப்பட்டது.

ஆகவே கடுக்காயை இகழவேண்டாம், ஆராயவேண்டியவர்கள் ஆராயட்டும். ஆனால் உங்கள் வீட்டில் சர்க்கரை வியாதியஸ்தர் ஒருவருக்குக் காலில் புண் கண்டால், சுத்தமான தண்ணீரால் கழுவி, சுத்தத் துணியால் மூடி, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு வாரம் பொடி வைத்துப் பார்ப்போம் என்று காத்திருந்தால் காலையே இழக்க நேரிடலாம்.