கனம் ஒன்று, சொற்கள் ஏழு
(உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆங்கிலம் நம்மவர்களுக்கு நன்கு பரிச்சயமான பாஷை. ஆனால் பரிச்சயமே சில சமயம் கண்ணை மறைத்துவிடும். நிதானமும் கனமும் உள்ள ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கிரேவ், சாலம், சோபர், சிடேட், ஸ்டெய்ட், எர்னஸ்ட், சீரியஸ் என்று ஏழு சொற்கள் வந்து நிற்கின்றன. மாற்றிப் போட்டால் அர்த்தம் அனர்த்தமாகிவிடும்.

முதலில் 'கிரேவ்'. லத்தீனில் 'கிராவிஸ்' என்றால் கனமானது. ஸம்ஸ்கிருதத்தில் 'குரு' என்ற சொல்லுக்கும் அதே பொருள் உண்டு. இரண்டுக்கும் மூலம் ஒன்றே என்பது மொழியியலார் கருத்து. கல்லறையைக் குறிக்கும் 'கிரேவ்' வேறு. அது தோண்டுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ஒருவர் முகம் 'கிரேவ்' என்று எழுதினால், ஏதோ கெட்ட செய்தி என்றே படிப்பவர் நினைப்பார்.

'சாலம்' என்பது சடங்கின் கம்பீரம். 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட நம் அரசியல் சாசனத்தின் முகவுரையில், மக்கள் பூண்ட உறுதியைச் சொல்ல இச்சொல்தான் வருகிறது. நம் வழக்கில் சங்கல்பம் என்கிறோமே, அந்த பாவம்.

'சோபர்' என்பதன் மூலப் பொருள் மது அருந்தாத நிலை. நாம் வரன் விளம்பரத்தில் அடக்கமான பையன் என்ற பொருளில் போடுகிறோம். வெளிநாட்டில் படிப்பவர், குடியை விட்டவரோ என்று யோசிக்கக்கூடும்!

'சிடேட்' என்றால் அலை அடங்கிய அமைதி. 'செடேடிவ்' மருந்தும் இதே குடும்பம். 'ஸ்டெய்ட்' என்பதோ நின்ற இடத்திலேயே நிற்பது. சிபாரிசுக் கடிதத்தில் இதைப் புகழ்ச்சியாக எழுதினால், உற்சாகமில்லாதவர் என்று ஒதுக்கிவிடுவார்கள். அங்கே 'எர்னஸ்ட்' போடுங்கள்; சிரத்தை என்று பொருள். ஆஸ்கார் வைல்ட் 1895-ல் அரங்கேறிய தம் நாடகத்தின் தலைப்பில் இச்சொல்லை ஓர் ஆண் பெயரோடு சிலேடையாக்கினார்.

கடைசியாக 'சீரியஸ்'. இதில்தான் ஆபத்து அதிகம். 'அப்பா சீரியஸ்' என்று தந்தி வந்தால் குடும்பமே ரயிலேறிய காலம் உண்டு. தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றது, சொல் நிற்கவில்லை. ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த பேரனிடம் 'தாத்தா சீரியஸ்' என்றால், தாத்தா விளையாட்டாகப் பேசவில்லை என்றுதான் புரிந்துகொள்வான். அமெரிக்க மருத்துவமனைகளிலோ 'சீரியஸ்' ஒரு படி. 'கிரிட்டிகல்' அதைவிடக் கடுமையான படி. ஆகவே தொலைபேசியில் இச்சொல்லை நம்பாதீர்கள். டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லி, உடனே புறப்பட வேண்டுமா, காத்திருக்கலாமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசியாக முகம் பார்ப்பது இதில் அடங்கியிருக்கிறது.

எழுதுமுன் ஒரு கேள்வி போதும்: கனம் விஷயத்திலா, சடங்கிலா, சுபாவத்திலா, முயற்சியிலா? விடை தெரிந்தால் சொல் தானே வரும்.