குடியுரிமை பெறும் வழிகள்

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் இராணுவப் பாளையம் அமைத்தது முதல், தமிழ் மாவட்டங்களிலிருந்து சிப்பாய்களும் வணிகரும் தொழிலாளரும் வந்து, இன்று சிவாஜிநகர் எனப்படும் பகுதியிலும் அதன் அயலிலும் குடியேறினர். அக்காலத்திலேயே வேறு பல தமிழர் கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். இருசாராரும் பிழைப்புத் தேடியே புறப்பட்டனர். ஆயினும் முன்னவரின் பேரர்கள் குடிமக்களாயினர். பின்னவரின் பேரர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். குடியுரிமைச் சட்டங்களே இவ்வேறுபாட்டை விளைத்தன.

நம் அரசியலமைப்பின் 5-ஆம் பிரிவு, இந்தியாவில் நிலையாகக் குடியிருந்தோருள் இங்கே பிறந்தவரையும், பெற்றோரில் ஒருவரேனும் இங்கே பிறந்திருந்தவரையும், ஐந்தாண்டுகள் வசித்தவரையும் குடிமக்களாக ஏற்றது. மாநிலத்துக்கொரு குடியுரிமை இங்கு இல்லை. ஆதலால் சிவாஜிநகர்த் தமிழர், எவரிடமும் விண்ணப்பிக்காமலே குடிமக்களாயினர்.

பின்னர் வந்த 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வழிகளை வகுத்தது. முதலாவது, பிறப்பு. 1987 ஜூலை 1-க்கு முன் இம்மண்ணிற் பிறந்தாலே பெரும்பாலும் போதும். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோரின் குடியுரிமையும் பார்க்கப்படுகிறது. இரண்டாவது, வமிசாவளி, அயல்நாட்டிற் பிறந்த நம் குடிமக்களின் பிள்ளைகளுக்குரியது. மூன்றாவது, பதிவு, இந்திய வமிசாவளியினரும், நம் குடிமக்களை மணந்தோரும் ஏழாண்டு வசித்தபின் விண்ணப்பிக்கலாம். நான்காவது, இத்தகைய உறவற்ற அயல்நாட்டினர்க்குரியது. பொதுவாகப் பன்னிரண்டாண்டு வசிப்பும், எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றில் போதிய அறிவும் வேண்டும். தமிழும் அம்மொழிகளில் ஒன்று. ஐந்தாவது, நிலப்பகுதி இணைதல். 1962-இல் புதுச்சேரி முறைப்படி இந்தியாவுடன் இணைந்தபோது அவ்வூரார் இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுவோர்க்கு ஆறு மாதத் தவணை தரப்பட்டது.

இனி இலங்கையை நோக்குவோம். 1948-ஆம் ஆண்டு இலங்கைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரிடம் அத்தகைய பத்திரம் இல்லை. 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தனர். அவ்வாறு வந்தோரிற் சிலர் நம் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் பதிவின் வழியே குடிமக்களாயினர். இலங்கையிலேயே தங்கி நாடற்றிருந்தோர்க்கு 2003-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டுச் சட்டம் உரிமை வழங்கியது. அதற்குள் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன.

தலைமுறைகளின் உழைப்பு தராத உரிமையை ஒரு பிறப்புச் சான்றிதழ் தந்திருக்கக்கூடும். ஆகவே குழந்தை பிறந்த இருபத்தொரு நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். பெயர்களைப் பிழையின்றி எழுதச் செய்யுங்கள். சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் செல்வங்களுள் அதுவும் ஒன்று.