பெரிய மனிதர் கட்சியும் பாமரர் ஓட்டும்



சீமையிலுள்ள கன்சர்வேட்டிவ் கட்சியைப் பணக்காரர் கட்சி என்பார்கள். அது பொய்யல்ல. 2024-ம் வருஷத் தேர்தலில் அது 121 ஸ்தானங்களோடு, தன் சரித்திரத்திலேயே காணாத தோல்வியடைந்தது. இனி அது சாதாரண ஜனங்களிடம் செல்வாக்குப் பெற முடியுமா என்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள்.

முடியும் என்பேன். ஏனெனில் முன்னொரு தடவை பெற்றிருக்கிறது. 1945-ல், யுத்தத்தை நடத்திக் கொடுத்த சர்ச்சிலையே ஜனங்கள் தள்ளிவிட்டு, தொழிற்கட்சிக்கு 393 ஸ்தானங்கள் கொடுத்தார்கள். நன்றி கெட்டா தள்ளினார்கள்? வேலையின்றித் திண்டாடிய 1930-களை அவர்கள் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

1946-ல் ஊல்ட்டன் பிரபு கட்சி நிர்வாகத்தை ஏற்றார். பிரபு என்றதும் பரம்பரைச் சீமான் என்று எண்ணிவிடாதீர்கள். கடை நிர்வாகம் செய்தவர்; யுத்தத்தில் உணவு மந்திரி; கட்சி தோற்ற பிறகே அதில் சேர்ந்தவர்! அதுவரை மடியில் பணமுள்ளவனே அபேட்சகனாக முடியும்; தேர்தல் செலவும் அவனே, ஸ்தலச் சங்கத்திற்குச் சந்தாவும் அவனே. 1949-ல், அபேட்சகர் வருஷத்திற்கு 25 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாதென்று விதி செய்தார்கள். இவ்வளவு செய்தும் ஸ்தலச் சங்கத்தார் பெரும்பாலும் பழைய ஜாதிச் சீமான்களையே பொறுக்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விதி மாறினால் புத்தி உடனே மாறிவிடுமா?

அடுத்தது வீடு. 1950 மகாநாட்டில், வருஷத்திற்கு 3 லட்சம் வீடு கட்ட வேண்டுமென்று பிரதிநிதிகள் கூச்சலிட்டுத் தலைவர்களை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். 1951-ல் பதவி கிடைத்தது, தொழிற்கட்சியைவிடக் குறைந்த ஓட்டு வாங்கியேதான். ஆனால் சொன்ன வீடுகளை 1953-ல் கட்டிக் காட்டினார்கள். 1946-ல் எதிர்த்து ஓட்டுச் செய்த இலவச வைத்திய ஏற்பாட்டையும் கலைக்கவில்லை. கலைத்திருந்தால் அடுத்த தேர்தலில் தெரிந்திருக்கும்!

இப்போது என்ன நடந்தது? 2022-ல் சுமார் 81,000 அங்கத்தினர் ஓட்டால் டிரஸ் அம்மையார் பிரதம மந்திரியானார். வந்ததும் பெரும் பணக்காரர் வரியைத் தள்ளப் பார்த்தார். வீட்டுக் கடன் வட்டி ஏறிற்று. கடன் வாங்கி வீடு வாங்கியவன்தானே அக்கட்சியின் முதுகெலும்பு? அவன் வயிற்றிலேயே அடித்தார்கள். 2024-ல் அந்த அம்மையார் தம் சொந்தத் தொகுதியையும் இழந்தார்.

1950-களில் 20 லட்சத்துக்கு மேல் இருந்த அங்கத்தினர், 2024-ல் தலைவரைத் தேர்ந்தெடுக்கையில் சுமார் 1,32,000 பேர். மற்றவர்கள் எங்கே போனார்கள்? வாடகை வீட்டில் கிடக்கும் அவர்கள் மக்களின் கதவைத் தட்டி, அதை முதலில் கேட்டு வரட்டும்.