திட்டம் யாருடையது?

(குடியிருப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



ஏழைக்கு வீடு கட்டித் தருவோம் என்று அரசுகள் அறிவிக்கும்போது நாம் மகிழ்கிறோம். மகிழ்வதில் தவறில்லை. ஆனால், ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மகிழ்வோம். அந்த வீடு எங்கே, எப்படி, எந்த அளவில் அமைய வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? குடியேறப் போகின்றவரா, கோப்பிலே கையெழுத்திடுகின்றவரா?

தாய்லாந்து மக்கள் இதற்கு ஒரு விடை கண்டனர். பாங்காக் மாநகரின் நடுவே, கிளாங் தோய் வட்டாரத்திலே, போன் கை என்றொரு குடிசைப் பகுதி. அரசரின் சொத்துப் பணியகத்துக்குரிய நிலம், 566 குடும்பங்கள். 2001-ஆம் ஆண்டில் தீ மூண்டது. ஏறத்தாழ 200 வீடுகள் சாம்பலாயின. தீ அணைந்ததும் ஏழையை அப்புறப்படுத்தி நிலத்தை மீட்பது பல நாடுகளில் கண்ட காட்சி. போன் கை மக்கள் கலையவில்லை, கூடினர். கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர், நிலத்துக்குரியோருடன் பேசினர், ஆளுக்கொரு சீட்டாக அன்று, சங்கத்தின் பெயராலேயே 30 ஆண்டுக் குத்தகை பெற்றனர். எரிந்த மண்ணிலேயே வீடுகள் எழுந்தன!

2003-இல் தாய்லாந்து அரசு இம்முறையை நாடு தழுவிய திட்டமாக்கிற்று. 'பான் மன்கோங்' என்பது அதன் பெயர். உறுதியான வீடு என்பது பொருள். நடத்துவது, மக்கள் அமைப்புகளின் வளர்ச்சிக்கென 2000-இல் நிறுவப்பட்ட பொது நிறுவனம். அது ஒப்பந்தக்காரரை அனுப்பி அடுக்குமாடி எழுப்புவதில்லை. குடியிருப்போரே வீடுவீடாகக் கணக்கெடுக்கின்றனர். சேமிப்புக் குழு அமைக்கின்றனர். கட்டடக் கலைஞருடன் அமர்ந்து வரைபடம் தீட்டுகின்றனர். சாலைக்கும் சாக்கடைக்கும் குடிநீருக்கும் அரசு மானியம் தருகிறது. வீட்டுக்குக் கடன் தருகிறது. அந்தக் கடனும் தனி மனிதருக்கன்று, சங்கத்துக்கே!

ஏன் சங்கத்துக்கு? தனித்தனிப் பட்டா கையிலிருந்தால், பணம் படைத்தவன் ஒவ்வொருவராக விலைபேசி வாங்கிவிடுவான். கூட்டு உரிமையை அவ்வளவு எளிதில் விலைபேச முடியுமோ? வேலி ஒன்றானால் காவலும் ஒன்றாகும். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இவ்வழியில் பயன் பெற்றுள்ளன.

குறை இல்லையா என்பீர். உண்டு; மறைப்பானேன்? கடன் பெறுமுன் பத்தில் ஒரு பங்கு சேமித்தாக வேண்டும். அன்றாடக் கூலிக்கு அது பெரும் சுமை. வாடகைக்கு ஒண்டியிருப்போரும், தவணை கட்ட இயலாத முதியோரும் விடுபட்டுப் போகும் அபாயம் எப்போதும் உண்டு. அவர்களையும் அணைத்துச் செல்லாத கூட்டுறவு, பெயரளவிலேதான் கூட்டுறவு. அங்கே அரசு தன் பங்கைக் கூட்ட வேண்டுமேயன்றி, 'மக்களே பார்த்துக்கொள்வர்' என்று கைகழுவுதல் ஆகாது.

ஆகவே தோழர்களே, எந்த நாட்டு வீட்டு வாரியமாயினும் உங்களிடம் வந்தால், 'எத்தனை வீடு?' என்று மட்டும் கேளாதீர்கள். 'வரைபடம் தீட்டும்போது எங்களுக்கு இடமுண்டா?' என்றும் கேளுங்கள். சாவி கையில் வந்த பிறகு கேட்டால், காலம் கடந்திருக்கும்!