கணினியில் வரைகலை பயில்வோம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



1963-ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்கர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை இயற்றி, கணினித் திரையில் ஒளிப்பேனாவால் வரைந்து காட்டினார். அக்கலை இன்று நம் காலனி வாயிலுக்கே வந்துள்ளது. ஃப்ரீகேட் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. பிள்ளைகளைப் பயிற்றப் பொருளில்லையே என்று நாம் கலங்க வேண்டுவதில்லை.

வாஷர் ஒன்றை வரைவோம். தளத்தின் நடுப்புள்ளியை மையமாகக் கொண்டு இரு வட்டங்கள் இட்டு, விட்டங்களைக் குறிக்கிறோம். எல்லா அளவும் அமைந்தவுடன் கோடுகள் பச்சையாகின்றன. பின்பு 'பேட்' கருவியால் கனம் கொடுத்தால் வாஷர் திரண்டெழுகிறது.

கருவிகளின் பெயரை மனப்பாடம் செய்வதன்று கல்வி; அளவைத் தப்பாது வகுப்பதே கல்வி. அளவு பிழைத்த உருப்படி பட்டறையில் பொருந்தாது.

ரயில்வேயில் பேரேடு எழுதும் நாமும் மாலைதோறும் பிள்ளைகளோடு அமர்ந்து பயில்வோமாக!