கோலும் பந்தும் கடல் கடந்த கதை



ஊதியம் பெற்று விளையாடுவோர் ஒரு சாரார். ஆட்டத்தின்மீதுள்ள பற்றினால் மட்டுமே ஆடுவோர் மற்றொரு சாரார். பின்னவரை அமெச்சூர் ஆட்டக்காரர் என்பர். நேசிப்பவர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. அத்தகையோர் கோலும் பந்தும் ஏந்திக் கடல் கடந்து சென்ற இரண்டு பயணங்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

அயர்லாந்து நாட்டில் ஹர்லிங் என்று ஒரு தொன்மையான ஆட்டம் உண்டு. நுனி அகன்ற மரக்கோலால் சிறிய தோல் பந்தை அடித்து ஆடுவது அது. பந்து தரையில் உருண்டாலும் அடிக்கலாம். வானில் பறந்தாலும் அடிக்கலாம். பக்கத்துக்குப் பதினைவர் ஆடுவர். நம் தருமபுரிப் பக்கத்துச் சிறுவர்கள் கில்லி ஆடுகையில் புள்ளை எழுப்பி, அது நிலத்தில் விழுமுன் ஓங்கி அடிக்கிறார்கள் அல்லவா? கண்ணும் கையும் அவ்வாறே ஒருங்கு இயங்கவேண்டிய ஆட்டம் என்று கொள்ளுங்கள். இவ்வாட்டத்தைப் பேணும் பொருட்டு 1884-ஆம் ஆண்டில் தர்லெஸ் நகரில் ஒரு சங்கம் தோன்றியது. இன்றளவும் அதன் ஆட்டக்காரர்கள் ஆடுவதற்கு ஊதியம் பெறுவதில்லை.

1888-இல் அச்சங்கம் ஹர்லிங் ஆட்டக்காரர்களும் ஓட்ட வீரர்களுமாக ஏறத்தாழ ஐம்பது பேரை அமெரிக்காவுக்கு அனுப்பிற்று. அங்குக் குடியேறியிருந்த அயர்லாந்து மக்கள் திரண்டு வருவர், அவ்வருவாயைக் கொண்டு தம் பழைய விளையாட்டு விழாவை மீண்டும் நடத்தலாம் என்பது திட்டம். ஆனால் வானிலை கெட்டது, அமெரிக்க விளையாட்டுச் சங்கங்களுக்குள் பூசல் மூண்டது, கூட்டம் சேரவில்லை. கடன் வாங்கியே வீரர்கள் தாயகம் திரும்ப நேர்ந்தது. அவர்களுள் பலர் திரும்பவே இல்லை. பிழைப்புத் தேடி அங்கேயே தங்கிவிட்டனர். ஆர்வம் நிரம்பியிருந்தும், கணக்கைச் செம்மையாக எண்ணாமையால் அம்முயற்சி நலிந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு 1925-இல் தோன்றியது. மூன்றே ஆண்டுகளில், 1928-இல், ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டிக்கு அணி அனுப்பத் துணிந்தது. பணமோ போதவில்லை. தேர்ந்தெடுத்த பதின்மூவருள் இருவரை விட்டுச் செல்ல நேரிடும் என்ற நிலை வந்தது. வங்காளத்து ஹாக்கி அன்பர்கள் கைகொடுத்ததனாலேயே அவ்விருவரும் கப்பலேற முடிந்தது. மார்ச்சு 10-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் அணியை வழியனுப்ப வந்தவர்கள் மூவரே என்பர்.

அணியின் தலைவர் ஜெய்பால் சிங். இராஞ்சிப் பகுதியில் முண்டா பழங்குடியில் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் பயின்றவர். அப்பொழுது அவர் ஐ.சி.எஸ். பணிக்குப் பயிற்சி பெற்றுவந்தார். ஒலிம்பிக் ஆட்டத்துக்கு விடுமுறை கேட்டார்; மறுத்துவிட்டார்கள். விடுமுறையின்றியே ஆம்ஸ்டர்டாம் சென்றார். திரும்பியதும், மேலும் ஓராண்டு பயிற்சியில் இருக்கவேண்டும் என்றனர். அவர் அப்பணியையே துறந்தார். அந்நாளில் ஓர் இந்திய இளைஞன் அடையக்கூடிய பதவிகளில் அதனினும் உயர்ந்தது அரிது. பின்னாளில் அவரே அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்து பழங்குடி மக்களின் உரிமைக்குக் குரல் கொடுத்தார். சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் பிறந்து இவ்வானொலியைக் கேட்கும் மாணவர்கள் இப்பெயரை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமில் நிகழ்ந்தது என்ன? ஆஸ்திரியாவை 6 கோல், பெல்ஜியத்தை 9, டென்மார்க்கை 5, சுவிட்சர்லாந்தை 6 என்று நம்மவர் வென்றனர். இறுதியாட்டத்தில் ஜெய்பால் சிங் ஆடவில்லை. ஆட்டக்காரர் சிலர் நோயுற்றிருந்தனர். படைவீரரான தியான் சந்த் காய்ச்சலோடு களம் புகுந்தார். மே 26-ஆம் நாள் நெதர்லாந்தை அதன் சொந்த மண்ணில் மூன்று கோல்களால் வென்று பொற்பதக்கம் பெற்றனர். ஐந்து ஆட்டங்களில் அடித்த கோல்கள் 29, வாங்கியது ஒன்றுமில்லை. மூவர் வழியனுப்பிய அணியைப் பம்பாயில் பெருந்திரள் எதிர்கொண்டு அழைத்தது.

இவ்விரு பயணங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பற்றினால் ஆடுகிறவனுக்குப் பசி இல்லாமற் போவதில்லை. கப்பற் கூலி குறைவதும் இல்லை. ஆடுகிறவன் ஆட்டத்தில் கணக்குப் பார்க்கலாகாது. அவனை அனுப்புகிறவர்கள் கணக்குப் பார்த்தே தீரவேண்டும். வங்காளத்து அன்பர்கள் உதவாதிருந்தால் இருவர் கரையிலேயே நின்றிருப்பர். பணமின்மையால் பந்தயத்துக்குப் போகாமல் நின்றுவிடும் மாணவன் எந்தப் பள்ளியில் இருந்தாலும், அது அவன் குறையன்று, ஊரின் குறை. பேருந்துக் கட்டணமும் ஒரு வேளை உணவும் தந்து அவனை மாவட்டப் போட்டிக்கு அனுப்பிவைக்க ஓர் ஊரால் இயலாதா?

உங்களிடமும் ஒரு சொல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி மைதானங்களின் ஓரத்தில் நின்று பார்த்தவன் நான். சான்றிதழ் கிடைக்கும், கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கிடைக்கும் என்று ஆடவருவோர் பலர். அதில் இழுக்கில்லை, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் ஓர் ஏணியே. ஆயினும், தேர்வில் தேறாமற் போன மறுநாளும் அதே மாலை வேளையில் கோலை எடுத்துக்கொண்டு களத்துக்கு வருகிறவன் ஒருவன் உண்டு. அவனே ஆட்டத்தை நேசிப்பவன். ஒரு பதக்கம் வெல்லும் முன்னரே அவன் உறுதி, ஒழுங்கு, தோல்வியைத் தாங்கும் நெஞ்சு ஆகிய மூன்றையும் வென்றுவிடுகிறான். அவற்றை எந்தத் தேர்வுக் குழுவும் அவனிடமிருந்து திரும்பப் பெற முடியாது.

படியுங்கள், மாலையில் ஆடுங்கள். உங்களோடு ஆடுகிறவன் வெளியூர்ப் போட்டிக்குப் புறப்படும்போது, வழியனுப்ப மூவரேனும் செல்லுங்கள். அந்த மூவருள் நீங்களும் ஒருவராய் இருங்கள்.